சி நூலகம் இல்லாமல் அசெம்பிளியிலிருந்து நேரடியாக சிஸ்டம் கால் செய்வது எப்படி? இன்ட் 80 சரியா, சிஸ்கால் சரியா?

64 பிட் லினக்ஸில் நாஸ்ம் என்ற அசெம்பிளரை வைத்துப் பழகுகிறீர்கள். கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையம்) ஒரு வேலையை நேரடியாகக் கேட்பதுதான் சிஸ்டம் கால். பாடக் குறிப்பில் ‘இன்ட் 80’ (ஹெக்ஸ் 80, அதாவது 0x80) இருக்கிறது, இணையத்தில் ‘சிஸ்கால்’ இருக்கிறது, இரண்டுமே ஓடுகின்றன, எதைப் பிடிப்பது என்று கேட்கிறீர்கள். சிஸ்காலைப் பிடியுங்கள். இரண்டும் ஓடுவதுதான் இதில் ஆபத்தே. அதில் மூன்று ராத்திரி மாட்டிக்கொண்டவன் நான்.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். எந்த வேலை வேண்டுமோ அதன் எண்ணை ஆர்ஏஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரில் (பிராசஸருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) வையுங்கள். எழுதிக் காட்டும் ரைட் 1, நிரலை முடிக்கும் எக்ஸிட் 60. கொடுக்க வேண்டியவற்றை ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்10, ஆர்8, ஆர்9 என்ற வரிசையில் நிரப்பி, சிஸ்கால் என்று எழுதினால் கெர்னல் வேலையை முடித்துவிட்டுப் பதிலை ஆர்ஏஎக்ஸிலேயே வைக்கும். சாதாரண ஃபங்ஷன் அழைப்பில் நான்காவது இடம் ஆர்சிஎக்ஸுக்கு. இங்கே அது ஆர்10. ஏனென்றால் சிஸ்கால் என்ற கட்டளை, திரும்பி வர வேண்டிய முகவரியை ஆர்சிஎக்ஸிலும் ஃபிளாக்குகளை ஆர்11லும் எழுதிவிடும். அந்த இரண்டில் எதையாவது பத்திரமாக வைத்திருந்தால் போய்விடும்.

கடைசியில் எக்ஸிட் கட்டாயம். நிரல் தொடங்கும் ‘ஸ்டார்ட்’ லேபிளை யாரும் கால் செய்து வரவில்லை, அதனால் ரெட் (திரும்பிப் போகும் கட்டளை) போட்டுத் திரும்பிப் போக இடமில்லை. ஸ்டாக்கின் உச்சியில் இருப்பது ஆர்குமென்ட் எண்ணிக்கை. ரெட் அதை முகவரி என்று எடுத்துக்கொண்டு 1ஆம் முகவரிக்குத் தாவும், செக்மென்டேஷன் ஃபால்ட் வரும்.

சரி, அந்த மூன்று ராத்திரி. எங்கள் ஊர் கோத்தகிரி. நீலகிரியின் இந்தக் கிழக்குச் சரிவில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பலமானது. அப்படி ஒரு மழையில் மரம் விழுந்து கரண்ட் போய், நெட்டும் போய்விட்டது. கையில் இருந்தது லேப்டாப் பேட்டரியில் மிச்சமிருந்த சார்ஜும் ஒரு பழைய 32 பிட் பாடக் குறிப்பும்தான். அதில் இருந்தபடி இன்ட் 80 போட்டு, டேட்டா பகுதியில் வைத்த ஊர்ப் பெயரைத் திரையில் வரவழைத்துவிட்டேன். அடுத்து ஒரு எண்ணை இலக்கங்களாக மாற்றி, ஸ்டாக்கில் ஒரு பஃபரில் வைத்து அச்சிட்டேன். ஒன்றும் வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை, நிரலும் விழவில்லை. மாற்றும் லூப்தான் தப்பு என்று நினைத்து இரண்டு ராத்திரி அதையே திரும்பத் திரும்ப எழுதினேன்.

லூப் சரியாகத்தான் இருந்தது. இன்ட் 80 என்பது 32 பிட் நிரல்களுக்கான வாசல். 64 பிட் நிரலிலிருந்து அதன் வழியாகப் போனாலும், நீங்கள் தரும் முகவரியின் கீழ்ப்பாதி 32 பிட்டை மட்டுமே கெர்னல் எடுத்துக்கொள்ளும். லிங்கர் வழக்கமாக டேட்டா பகுதியை 4 ஜிபிக்குக் கீழே வைப்பதால் அந்த முகவரிக்குக் கீழ்ப்பாதியே போதும். ஸ்டாக் இருப்பதோ எங்கேயோ உச்சியில். அந்த முகவரி பாதியாக வெட்டுப்பட்டு, ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டும். கெர்னல் அதை என்னிடம் சொல்லத்தான் செய்தது. திரும்பி வந்த பதிலை நான் பார்க்கவே இல்லை.

மூன்றாம் ராத்திரி அந்தப் பதிலை அப்படியே எக்ஸிட்டுக்குக் கொடுத்து, ஷெல்லில் எக்கோ டாலர் கேள்விக்குறி போட்டேன். 242 வந்தது. எக்ஸிட் எண்ணுக்கு ஒரு பைட்தான் இடம், ஆக 256லிருந்து 242ஐக் கழித்தால் 14. உண்மையான பதில் −14. கணினியிலேயே இருக்கும் எர்னோ ஹெடரை (பிழை எண்களின் பட்டியல்) திறந்து பார்த்தால், 14க்கு நேராகத் தவறான முகவரி என்று இருந்தது. சி நூலகத்தின் அச்சிடும் ஃபங்ஷனான பிரின்ட்எஃப் இல்லாத இடத்தில் இந்த வழி இன்றும் எனக்குக் கை கொடுக்கிறது. −1 முதல் −4095 வரை எது வந்தாலும் பிழைதான். எஸ்டிரேஸ் என்ற கருவியை நிறுவியிருந்தால் ஒவ்வொரு அழைப்பையும் அதன் பதிலையும் அதுவே காட்டிவிடும்.

தமிழில் அச்சிடப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. ரைட் கேட்கும் நீளம் பைட் கணக்கு. ‘கோத்தகிரி’யில் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யுனிகோடில் அது 9 குறிகள், யுடிஎஃப்-8இல் குறிக்கு 3 பைட், ஆக 27. வரிமுடிவையும் சேர்த்தால் 28. நீளம் 5 என்று கொடுத்தால் ‘க’வும் ஒரு உடைந்த குறியும்தான் திரையில் வரும். கையால் எண்ண வேண்டாம், உரை முடியும் இடத்து முகவரியிலிருந்து அது தொடங்கும் லேபிளைக் கழிக்க நாஸ்மிடமே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், எண் பட்டியல் பிராசஸருக்குப் பிராசஸர் மாறும். கேத்தியில் கேரட் போடும் நண்பர் ஒருவர் உறைபனி இரவுகளில் வெப்பநிலை பார்க்க ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி வைத்திருக்கிறார். அந்த 64 பிட் ஆர்ம் லினக்ஸில் ரைட் 64, எக்ஸிட் 93. எண் போக வேண்டிய இடம் எக்ஸ்8, கட்டளை எஸ்விசி 0. அங்கே பழக்கத்தில் 1 போட்டால் ரைட்டுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு அழைப்பு போய்விடும்.

லினக்ஸில் ஒரு பிராசஸருக்குக் கொடுத்த எண்ணைப் பிறகு மாற்றுவதில்லை, அதனால் நேரடியாக எழுதலாம். விண்டோஸில் பதிப்புக்குப் பதிப்பு எண்கள் மாறும் என்பதால் அங்கே நேரடி அழைப்பு வேண்டாம், அதன் நூலகங்கள் வழியாகவே போங்கள்.

உங்கள் கணினிக்கான எண்கள் யூனிஎஸ்டிடி 64 என்ற ஹெடர் கோப்பில் இருக்கும். யூஎஸ்ஆர் இன்க்ளூடுக்குள் தேடுங்கள், நெட் தேவையில்லை.