வீட்டுக் கணினிக்கு எவ்வளவு பாதுகாப்பு போதும்?

மெயில் பார்க்க, பில் கட்ட, போட்டோ சேமித்து வைக்க மட்டுமே பயன்படும் வீட்டுக் கணினிக்குக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா, இணையத் தொடர்பைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் வி.பி.என். வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. கிராக் செய்த மென்பொருளைப் போடுவதற்காக அதை அணைக்காமல் இருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வங்கித் தளங்களோ தகவலைப் பூட்டி அனுப்பும் ஹெச்.டி.டி.பி.எஸ். வழியாகத்தான் இயங்குகின்றன, நீங்கள் அடிப்பதை நடுவில் இருப்பவர் படிக்க முடியாது.

உங்களையே குறிவைத்து எவனும் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. எங்கோ ஒரு தளத்திலிருந்து கசிந்த மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் எடுத்து, ஒரு நிரல் மற்ற தளங்களில் வரிசையாகப் போட்டுப் பார்க்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பவர் மாட்டிக்கொள்வார்.

அதிலும் மெயில் கணக்குதான் எனக்கு முதல் கவலை. எந்தத் தளத்தில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்று அழுத்தினாலும் இணைப்பு அங்கேதான் வந்து விழும். வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான பாஸ்வேர்டு ஒன்றை அதற்கு வையுங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போடுங்கள், அந்த எண்ணை எஸ்.எம்.எஸ்.ஸில் பெறுவதைவிட, 30 நொடிக்கு ஒருமுறை எண் மாறும் செயலி மேல். அப்படியே செட்டிங்ஸில் ஃபார்வர்டிங் பகுதியையும் ஒருமுறை பாருங்கள். உள்ளே புகுந்தவன் தன் முகவரியை அங்கே போட்டுவிட்டுப் போயிருந்தால், நீங்கள் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் உங்கள் மெயில் அவனுக்கும் போய்க்கொண்டிருக்கும்.

மற்ற பாஸ்வேர்டுகளுக்கு அவற்றைப் பூட்டிச் சேமித்து வைக்கும் செயலிகள் பிட்வார்டன், கீபாஸ் என்று இலவசமாகவே கிடைக்கின்றன. நோட்டில் எழுதி அலமாரியில் பூட்டி வைத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆன்லைன் திருடன் அலமாரி வரை வரமாட்டான்.

அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதில்தான் இருக்கிறீர்கள் என்றால் ஆன்டிவைரஸுக்கு ஒதுக்கிய பணத்தை விண்டோஸ் 11-க்கு மாறுவதற்குச் செலவிடலாம்.

போட்டோக்களுக்குத் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, நகல் எடுத்ததும் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கழற்றும் முன், நகல் சரியாக வந்திருக்கிறதா என்று அதில் இரண்டு மூன்று படங்களைத் திறந்து பாருங்கள்.