மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்கம்: தடுப்பூசிதான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 56. 2021ஆம் ஆண்டில் ஆஸ்ட்ராசெனகா கொரோனா தடுப்பூசியை இரண்டு தவணையாகப் போட்டுக்கொண்டேன். முதல் தவணைக்குப் பிறகு இரண்டு நாள் காய்ச்சலும் உடல்வலியும் இருந்தன. இரண்டாவதில் ஒன்றும் தெரியவில்லை. அந்தத் தடுப்பூசியால் ரத்தம் உறையக்கூடும் என்று நிறுவனமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. சில மாதங்களாக மாடிப்படி ஏறும்போது நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. நானாகவே டி-டைமர் பரிசோதனை செய்து பார்த்தேன். 530 என்று வந்தது; 500க்குள் இருக்க வேண்டும் என்று அறிக்கையில் போட்டிருக்கிறார்கள். அன்றுமுதல் தினமும் ஓர் ஆஸ்பிரின் மாத்திரை சாப்பிடுகிறேன். உடலில் தங்கிவிட்ட தடுப்பூசி மருந்தை வெளியேற்ற வழி உண்டா? என் மனைவியும் ஐந்து மாதங்களுக்கு முன் கூடுதல் தவணை போட்ட நாளிலிருந்து கையைத் தூக்க முடியவில்லை என்கிறார். ஊசி போட்டால் வலிக்கத்தானே செய்யும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தில் தடுப்பூசியைப் பற்றிய கேள்விகளுக்கு நடுவே நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. படி ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்கிறீர்கள். 56 வயதில் ஒருவர் இப்படிச் சொன்னால், இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனியில் அடைப்பு இருக்கிறதா என்பதைத்தான் எந்த மருத்துவரும் முதலில் பார்ப்பார். உழைப்பு கூடும்போது இதயத் தசைக்குக் கூடுதல் ரத்தம் தேவைப்படுகிறது. குழாய் குறுகியிருந்தால் அந்தத் தேவை நிறைவேறாமல் இறுக்கமாகத் தெரிகிறது. ஓய்வெடுத்தால் தேவை குறைந்து இறுக்கமும் தணிகிறது. ஆகவே, இந்த வாரத்துக்குள் இதயநோய் மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுடன் ஈ.சி.ஜி., எக்கோ, தேவையானால் டிரெட்மில் சோதனை ஆகியவற்றை அவர் செய்யச் சொல்வார். ஓய்வாக இருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி. இத்தகைய நெஞ்சுவலி உள்ளவர்களிடமும் இயல்பாக இருக்கக்கூடும் என்பதால், அது ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுத் திருப்தியுடன் திரும்பிவிடாதீர்கள். அதற்கிடையில், உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, கால் மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, வியர்வை, மூச்சுத்திணறல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை சேர்ந்தாலோ, முன்பதிவுக்குக் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இப்போது தடுப்பூசிக்கு வருகிறேன். நீங்கள் படித்த செய்தி பொய்யல்ல. ஆனால் அது புதிதும் அல்ல. அந்த நிறுவனம் 2024இல் பிரிட்டன் நீதிமன்றத்தில் அளித்த ஆவணத்தில் ஒப்புக்கொண்ட பாதிப்பை, ஐரோப்பிய மருந்துகள் முகமை 2021 ஏப்ரல் மாதமே மிக அரிதான பக்கவிளைவு என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டது. அதே மாதம் பிரிட்டன் 30 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், மே மாதத்தில் 40 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் வேறு தடுப்பூசியைப் பரிந்துரைத்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே தகவல் தலைப்புச் செய்தியாக வந்தபோது, மறைத்து வைத்திருந்த ஏதோ ஒன்று வெளியே வந்துவிட்டதைப் போன்ற தோற்றம் உண்டாகிவிட்டது. ஊடகங்கள் இதில் சற்றுப் பொறுப்புடன் நடந்திருக்கலாம் என்பது என் கருத்து.

அந்தப் பாதிப்பு எத்தகையது என்பது தெரிந்தால் உங்கள் அச்சம் பெருமளவு குறையும். அது வழக்கமாக நாம் காணும் ரத்த உறைவு அல்ல. தடுப்பூசிக்குப் பின் மிகச் சிலரின் உடலில், ரத்தத் தட்டணுக்களிலிருந்து வெளிப்படும் ஒரு புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகிறது. அது தட்டணுக்களைத் தூண்டி ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. இதனால் மூளையின் சிரைகளிலும் வயிற்றுப் பகுதிச் சிரைகளிலும் ரத்தம் உறைகிறது; தட்டணுக்கள் அதிலேயே செலவாகிவிடுவதால் அவற்றின் எண்ணிக்கையும் அதே சமயத்தில் சரிகிறது. பிரிட்டனின் கணக்குப்படி, முதல் தவணைக்குப் பிறகு 50 வயதுக்குக் குறைந்தவர்களில் சுமார் 50,000 பேரில் ஒருவருக்கும், அதற்கு மேற்பட்ட வயதினரில் சுமார் 1,00,000 பேரில் ஒருவருக்கும் இது வந்தது. இரண்டாம் தவணையில் இன்னும் அரிதாகவே காணப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஊசி போட்ட நான்காம் நாளிலிருந்து ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குள் வந்துவிடும். தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்குதல், கால் வீக்கம், தொடர்ந்த வயிற்றுவலி, ஊசி போட்ட இடத்துக்கு அப்பால் தோலில் சிறு ரத்தப் புள்ளிகள் ஆகியவை அந்த நாட்களில் வந்திருந்தால் அவசரமாகப் பார்த்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் காலம் 2021லேயே முடிந்துவிட்டது. இத்தனை ஆண்டுகள் கழித்து வரும் நெஞ்சு இறுக்கத்தை அதன் கணக்கில் எழுதினால், உண்மையான காரணம் கவனிக்கப்படாமலே போய்விடும் என்பதுதான் என் கவலை.

டி-டைமர் முடிவைப் பற்றி. உடலில் எங்கேயாவது உருவான ரத்த உறைவு கரையும்போது வெளிப்படும் துணுக்குகளை அளக்கும் சோதனை அது. சளி, காய்ச்சல், காயம், கர்ப்பம், மூட்டு அழற்சி என்று பல காரணங்களால் அது உயரும். வயது ஏற ஏறவும் உயரும். அதனால் 50 வயதைக் கடந்தவர்களுக்கு, வயதைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணை எல்லையாகக் கொள்ளும் முறை மருத்துவத்தில் உள்ளது. உங்கள் வயதுக்கு அது 560. ஆய்வகத்தின் கணினி எல்லோருக்கும் ஒரே 500 என்ற எல்லையை வைத்து உங்கள் எண்ணின் அருகே நட்சத்திரக் குறியை அச்சிட்டுவிட்டது. 530 என்பது உங்களுக்கு அதிகமே அல்ல. காலிலோ நுரையீரலிலோ உறைவு இருக்குமோ என்று மருத்துவர் சந்தேகிக்கும்போது, அதை இல்லை என்று விலக்குவதற்காகச் செய்யப்படும் சோதனை இது. சும்மா செய்து பார்த்தால் பயத்தைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. உங்கள் விஷயத்தில் அது தவறான கதவைத் தட்டிய சோதனையும்கூட. இதயத் தமனி அடைப்பை அது காட்டாது.

ஆஸ்பிரினைத் தடுப்பூசிக்கு மாற்று மருந்தாக நினைத்துச் சாப்பிடுவதில் பொருளில்லை. வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் ஏற்படுத்தக்கூடிய மாத்திரை அது. எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள், என்ன அளவு என்பதை இதயநோய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சோதனைகளுக்குப் பிறகு அவரே அதைத் தொடரச் சொல்லவும் கூடும்; அப்போது அதற்குக் காரணம் உங்கள் தமனியாக இருக்கும், தடுப்பூசியாக இருக்காது. வெளியேற்ற வேண்டிய மருந்து என்று எதுவும் உங்கள் உடலில் இல்லை. ஊசியின் வழியே சென்ற பொருளை உடல் சில வாரங்களுக்குள் சிதைத்து அகற்றிவிடுகிறது. எஞ்சி நிற்பது நோய்க்கிருமியைப் பற்றிய நினைவு மட்டும்தான். தடுப்பூசி நச்சை நீக்குவதாக விற்கப்படும் பொடிகளையும் கஷாயங்களையும் நம்பிப் பணத்தை இழக்காதீர்கள்.

தடுப்பூசி போட்டவர்களில் மாரடைப்பால் இறந்தவர்கள் இருக்கிறார்களே என்று நீங்கள் கேட்கக்கூடும். வயது வந்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தடுப்பூசி போட்டுக்கொண்ட பின், எந்தக் காரணத்தால் இறந்தவரும் பெரும்பாலும் தடுப்பூசி போட்டவராகவே இருப்பார். ஃபைசர், மாடர்னா போன்ற எம்.ஆர்.என்.ஏ. வகைத் தடுப்பூசிகள் இதயத்தசை அழற்சியை ஏற்படுத்தியது உண்மை, ஆனால் அது முக்கியமாக இளவயது ஆண்களுக்கு, இரண்டாம் தவணைக்குப் பின், சில நாட்களுக்குள் வந்தது, பெரும்பாலோர் குணமடைந்தனர். கொரோனா தொற்றே மாரடைப்பு, ரத்த உறைவு இரண்டின் வாய்ப்பையும் கூட்டும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

முதல் தவணையில் உங்களுக்கு வந்த காய்ச்சல் அந்தத் தடுப்பூசிக்கு வழக்கமானதே. எம்.ஆர்.என்.ஏ. வகையில் இரண்டாம் தவணைதான் பலரை ஒரு நாள் படுக்க வைத்தது. சிலருக்கு அக்குளில் நெறி கட்டியது. ஒன்றுமே வராவிட்டால் ஊசி வேலை செய்யவில்லை என்று பொருளல்ல. சோதனைக் கட்டங்களில் மருந்தே இல்லாத வெற்று ஊசி போடப்பட்டவர்களிலும் சுமார் 35 சதவீதத்தினர் முதல் ஊசிக்குப் பின் தலைவலி, சோர்வு போன்ற தொல்லைகளைச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எதிர்பார்ப்பும் பதற்றமும் உடலில் உண்மையான தொல்லையாகவே வெளிப்படும்.

இனி உங்கள் மனைவியைப் பற்றி. உங்கள் வீட்டில் இருவர் தொல்லைகளில் தடுப்பூசியோடு தொடர்புபடுத்தக்கூடியது எது என்று கேட்டால், நீங்கள் தள்ளிவைத்த அவருடைய கை வலியைத்தான் சொல்வேன். ஊசி போட்ட இடத்து வலி இரண்டு மூன்று நாளில், மிஞ்சினால் ஒரு வாரத்தில் போய்விட வேண்டும். ஐந்து மாதமாகக் கையைத் தூக்க முடியவில்லை என்றால் அது வேறு. தோள் எலும்பின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரல்கட்டை கீழே, தசை திரண்டிருக்கும் இடத்தில் ஊசி இறங்க வேண்டும். அதற்கு மேலே போட்டுவிட்டால், மூட்டைச் சுற்றியுள்ள நீர்ப்பைக்குள்ளோ தசைநாருக்குள்ளோ மருந்து சென்று அழற்சியை உண்டாக்கும். வலி பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் தொடங்கி, தலை வாருவதும் ரவிக்கையின் பின்கொக்கியைப் போடுவதும்கூட முடியாத அளவுக்குப் போகும். இது மருந்தின் குற்றமல்ல, ஊசி போட்ட இடத்தின் குற்றம்; எந்தத் தடுப்பூசியிலும் நேரலாம். அதே சமயம், அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் தோள்மூட்டு தானாகவே இறுகிப்போவதும் உண்டு. ஊசி போட்ட நாளும் வலி தொடங்கிய நாளும் தற்செயலாக ஒத்துப்போயிருக்கலாம். எலும்பு மூட்டு மருத்துவர் கையை அசைத்துப் பார்த்தும், தேவையானால் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்தும் இரண்டையும் பிரித்தறிவார். பிசியோதெரபி, அழற்சி குறைக்கும் மாத்திரைகள், சில வேளைகளில் மூட்டுக்கருகே ஒரு ஸ்டீராய்டு ஊசி ஆகியவற்றால் பெரும்பாலும் நல்ல முன்னேற்றம் கிடைக்கும். ஆனால் வலிக்கிறதே என்று கையை அசைக்காமல் வைத்திருந்தால் மூட்டு மேலும் இறுகும்.

மருத்துவரிடம் போகும்போது தடுப்பூசிச் சான்றிதழையும் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். எந்தக் கையில் போட்டார்கள், வலி அன்று மாலையே தொடங்கியதா, மறுநாளா என்பதைக் குறித்துக்கொண்டு போனால் நல்லது. இந்தப் பாதிப்பைத் தடுப்பூசிப் பக்கவிளைவாகப் பதிவு செய்யும்படி அவரிடமே கேட்கலாம். அடுத்த முறை எந்தத் தடுப்பூசியானாலும் மற்றக் கையில் போட்டுக்கொள்ளட்டும். கழுத்துப் பக்கமாகத் துணியை இறக்கித் தோளைக் காட்டாமல், கைப்பகுதியை முழுவதும் மேலே சுருட்டிவிட்டு, ஊசி போடுபவரும் தமக்கு எதிரே உட்கார்ந்து போடும்படி அவர் கேட்டுக்கொள்ளட்டும்.