டீயை மாத்தாதீங்க!

கேள்வி: என் பொண்ணுக்கு பத்து வயசு, அமெரிக்காவுலயே பொறந்து வளர்ந்தவ. இங்கிலாந்துக் கதைப் புத்தகம்னா உயிரை விடுவா, ஆனா பக்கத்துக்குப் பக்கம் சந்தேகம். "டீக்கு ஃபிஷ் ஃபிங்கரும் பீன்ஸும் சாப்பிட்டாங்கனு போட்டிருக்கே, டீயில முக்கியா சாப்பிடுவாங்க?"னு கேக்குறா. இங்கத்த பிள்ளைங்களுக்குப் புரியற மாதிரி வார்த்தையை மாத்திப் போட்ட அமெரிக்கப் பதிப்பு வாங்கிக் குடுத்துடலாமா?
- ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: வேணாம்மா, வேணவே வேணாம். உங்க பொண்ணு கேட்டது அருமையான கேள்வி, அதை மாத்திப் போட்ட புத்தகத்தைக் குடுத்து அடைச்சுடாதீங்க.

முதல்ல அந்த டீயை எடுத்துக்குவோம். வட இங்கிலாந்துலயும் ஸ்காட்லாந்துலயும் நெறைய வீட்டுல டீங்கறது குடிக்கிறது மட்டும் இல்ல, சாயங்காலம் அஞ்சு ஆறு மணிக்கு சாப்பிடற சாப்பாட்டுக்கே அதுதான் பேரு. ஸ்கூல் விட்டு வந்த பிள்ளை "டீக்கு என்னம்மா?"னு கேட்டா அன்னிக்கு என்ன சமையல்னு அர்த்தம், பக்கத்துல டீ கப் இருக்கணும்னு கூட அவசியம் இல்ல. அதே ஆளுங்களுக்கு மத்தியானச் சாப்பாடுதான் டின்னர், அதனாலதான் ஸ்கூல்ல மத்தியானம் சோறு போடற அம்மாக்களுக்கு இன்னிக்கும் டின்னர் லேடினு பேரு. தெற்க கொஞ்சம் வசதியான வீட்டுக்குப் போனா மத்தியானம் லஞ்ச், ராத்திரி டின்னர் இல்லாட்டி சப்பர். ஆக ஒரு பையன் கதையில "டீக்கு வீட்டுக்குப் போகணும்"னு சொன்னான்னா அவன் எந்தப் பக்கத்துக்காரன், அவங்க வீடு எப்படிப்பட்ட வீடுனு இங்கிலீஷ்காரங்களுக்கு அந்த ஒரு வரியிலயே பாதி தெரிஞ்சு போகும். அதைத் தூக்கிட்டு அமெரிக்கப் பிள்ளைக்குப் புரியணும்னு டின்னர்னு போட்டா அந்த வீடே காணாமப் போயிடுது, பத்தாததுக்கு அடுத்த அத்தியாயத்துல மத்தியானம் பன்னெண்டரை மணிக்கு டின்னர் லேடி வந்து நிப்பாங்க, அப்ப என்ன செய்வாங்க?

நம்ம டிபன் மாதிரிதான் இதுவும்னு அவகிட்ட சொல்லிப் பாருங்க, டக்குனு புரிஞ்சுக்குவா. அந்த டிபனே இந்தியாவுல இருந்த வெள்ளைக்காரங்க லேசான சாப்பாட்டுக்கு வெச்ச பேருதான், நாம வாங்கி இட்லி தோசைக்கு வெச்சுக்கிட்டோம்.

இந்த ஹை டீ விஷயத்தையும் சொல்லிடறேன், பல வருஷமா எனக்கு இதுல ஒரு ஆதங்கம். அமெரிக்காவுல பெரிய ஓட்டல்கள்ல ஹை டீனு போட்டு, ஓரம் வெட்டின குட்டி சாண்ட்விச், ஸ்கோன், கேக்குனு மூணு அடுக்குத் தட்டுல வெச்சுக் குடுக்கறாங்க. அது ஹை டீயே இல்ல, ஆஃப்டர்நூன் டீ, 1840கள்ல பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா ஆரம்பிச்சு வெச்சதா சொல்ற மேட்டுக்குடிப் பழக்கம். ஹை டீங்கறது ஃபேக்டரியிலயும் சுரங்கத்துலயும் வேலை பாத்துட்டு பசியோட வீட்டுக்கு வந்தவங்க சாப்பாட்டு மேஜையில உக்காந்து ரொட்டி, இறைச்சி, மீனுனு வயிறாரச் சாப்பிட்டது. உழைக்கறவங்க சாப்பாட்டுப் பேரை எடுத்து சீமாட்டி தட்டுல ஒட்டியிருக்காங்க, இதைப் பாக்கறப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

சரி, குடிக்கிற டீக்கு வருவோம். கதையில எது நடந்தாலும், யாராவது செத்தாக்கூட, ஒருத்தர் எழுந்து போய் கெட்டில் போடுவாங்க, ரெண்டு நிமிஷத்துல டீ வந்துடும். உங்க வீட்டுல வராது. அமெரிக்காவுல பிளக்குல வர்றது 120 வோல்ட், அதுல ஓடற கெட்டில் பெரும்பாலும் 1500 வாட்ஸ்தான். இங்கிலாந்துல 230 வோல்ட், கெட்டில் 3000 வாட்ஸ் வரைக்கும் போகும், ஒரு லிட்டர் தண்ணி சுமார் ரெண்டு நிமிஷத்துல தளதளனு கொதிச்சுடும், உங்களுக்கு நாலு நிமிஷமாவது ஆகும். மைக்ரோவேவ்ல தண்ணி சுட வைக்கிற பழக்கம் அமெரிக்காவுல இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கெட்டில் ஒரு நாட்டோட கரன்ட்டையே ஆட்டி வெச்ச கதையையும் அவளுக்குச் சொல்லுங்க. 1990 ஜூலை 4, உலகக் கோப்பை செமி ஃபைனல், இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும். பெனால்டி வரைக்கும் போய் இங்கிலாந்து தோத்துப் போச்சு. அது முடிஞ்ச நிமிஷம் தேசமே எழுந்து போய் கெட்டில் சுவிட்சைத் தட்ட, கரன்ட் தேவை ஒரேயடியா 2,800 மெகாவாட் எகிறிச்சு. ஒரு பெரிய அணு உலை சுமார் ஆயிரம் மெகாவாட் குடுக்கும்னு வெச்சுக்கிட்டா கிட்டத்தட்ட மூணு உலை அளவு, அதுவும் சோகத்துல டீ போடறதுக்காக! இதுக்காகவே கிரிட் கன்ட்ரோல் ரூம்ல எந்த டிவி சீரியல் எத்தனை மணிக்கு முடியுதுனு பாத்து வெச்சுக்கறது வழக்கம். வேல்ஸ்ல டினோர்விக்னு ஒரு இடம், பழைய ஸ்லேட் குவாரி, அந்த மலையைக் குடைஞ்சு உள்ள ஒரு மின் நிலையம் கட்டி 1984ல திறந்தாங்க. ராத்திரி எல்லாரும் தூங்கறப்ப மிச்ச கரன்ட்ல தண்ணியை மேல் ஏரிக்கு ஏத்தி வெச்சுடுவாங்க, டிமாண்ட் எகிறினா கீழ திறந்து விடுவாங்க. டர்பைனை முன்கூட்டியே சுத்த விட்டு வெச்சிருந்தா 12 செகண்ட்ல 1,320 மெகாவாட் வரைக்கும் குடுக்கும். எனக்கு அந்த மலைக்குள்ள ஒரு தடவை போய் நின்னு பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.

இப்ப நீங்க கேட்ட பதிப்புக்கு வரேன். 1997ல இங்கிலாந்துல வந்த ஹாரி பாட்டர் முதல் புத்தகத்துப் பேருல ஃபிலாசஃபர்ஸ் ஸ்டோன்னு இருந்துச்சு, சாதா உலோகத்தைத் தங்கமாக்கும்னு நம்பி ரசவாதிங்க நூத்தாண்டுக் கணக்கா தேடி அலைஞ்ச கல் அது. 1998ல அமெரிக்காவுக்குப் போனதும் பிள்ளைங்களுக்கு ஃபிலாசஃபர்னா பிடிக்காதுனு முடிவு பண்ணி சோர்சரர்ஸ் ஸ்டோன்னு ஆக்கிட்டாங்க. அப்படி ஒரு கல்லை எந்த ரசவாதியும் தேடினதில்ல. உள்ள, கதையில வர்ற மந்திரப் பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோருக்குப் பிடிச்ச ஷெர்பட் லெமன் மிட்டாய் லெமன் டிராப் ஆயிடுச்சு. ஷெர்பட் லெமனைக் கடிச்சா நடுவுல இருக்கற பவுடர் நாக்குல சுர்ருனு பொங்கும், அந்தக் கிழவர் குணமே அதுல இருக்கு, லெமன் டிராப்புக்கு உள்ள ஒண்ணும் கிடையாது. பிள்ளைங்க மேல நம்பிக்கை இல்லாதவங்க பண்ற வேலை இது. நம்ம ஆபீஸ்லயே சிறுவர் கதைக்கு வரிக்கு வரி விளக்கம் போடணும்னு ஒரு கோஷ்டி உண்டு, அவங்களோட நான் இன்னும் சண்டை போட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

உங்களை விட நல்ல விளக்கவுரை உங்க பொண்ணுக்குக் கிடைக்காதும்மா. கிரவுண்ட் ஃப்ளோர், டார்ச், கியூ, பிஸ்கட், ஸ்கூல்ல ஹவுஸ், ஹவுஸ் கேப்டன்னு பிரிட்டிஷ்காரங்க பாஷையிலதான் நாம வளர்ந்தோம். அமெரிக்காவுல ஃபர்ஸ்ட் ஃப்ளோர்னா தரைத்தளம், பிஸ்கட்னா மெத்துனு கிரேவி ஊத்திச் சாப்பிடற பண்டம். அங்க பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தெரியாதது உங்களுக்கு நல்லாத் தெரியும்.

பிரிட்டிஷ் எடிஷன்தான் வேணும்னு கேட்டு வாங்குங்க. அடுத்தது அவ புட்டிங்ல வந்து நிப்பா, பாருங்க. இங்கிலாந்துல சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற எந்த இனிப்பும் புட்டிங்தான், ஆனா யார்க்‌ஷயர் புட்டிங் மாவும் முட்டையும் பாலும் கரைச்சு ஓவன்ல உப்ப வெச்சு மாட்டுக்கறியோட சாப்பிடறது, இனிப்பே இல்ல. பிளாக் புட்டிங் பன்றி ரத்தத்துல செய்யற சாசேஜ். ரத்தம்னே சொல்லுங்க, மறைக்காதீங்க, பத்து வயசுல அதெல்லாம் கேக்க ரொம்பப் பிடிக்கும்.