வீட்டிலிருந்து படிக்கும் சிறு பிள்ளை நண்பர்களோடு எப்படித் தொடர்பில் இருப்பது?

பாடசாலை மூடப்படும் நாட்களில், கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் தனித்திருக்கும் ஏழு வயது மகளுக்குத் தோழிகளின் நெருக்கம் குறையாமல் இருக்க வழி கேட்டிருக்கிறீர்கள்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோதும், 2022 ஜூனில் எரிபொருள் தட்டுப்பாட்டால் கொழும்புப் பிள்ளைகள் வீட்டில் இருந்தபோதும் நான் கண்டது இதுதான்: சூம் வகுப்பு பாடத்தைத் தரும், நட்பைத் தராது. முப்பது முகங்கள் தெரியும் திரையில் சிறு பிள்ளைக்குப் பேச வாய்ப்பே கிடைப்பதில்லை. பாதி நேரம் ஒலியும் அணைக்கப்பட்டிருக்கும். ஆகவே மூன்று நான்கு பிள்ளைகளை மட்டும் சேர்த்து, வகுப்புக்கு வெளியே இருபது நிமிடம் பேசவிடுங்கள். கையில் ஏதாவது வேலை இருக்கட்டும்: ஒரே படத்தை எல்லோரும் வரையலாம், விடுகதை போடலாம். இந்த வயதில் வெறும் நலம் விசாரிப்பு இரண்டு நிமிடத்தில் வற்றிவிடும். விளையாட்டுத்தான் பேச்சை இழுத்து வரும். பக்கத்தில் நின்று “இதைக் கேள், அதைச் சொல்” என்று எடுத்துக் கொடுக்காதீர்கள்.

எல்லா வீட்டிலும் காணொளியில் பேசும் அளவுக்கு டேட்டா இருப்பதில்லை. சில வீடுகளில் அப்பா வேலைக்குப் போனால் கைத்தொலைபேசியும் கூடவே போய்விடும். அத்தகைய தோழிக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். இரவில் அவள் கேட்டுப் பதில் அனுப்புவாள்.