மெக்னீசியம்: விழுங்குவதா, தடவுவதா?

கேள்வி: எனக்கு 58 வயது. ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறதே என்று மெக்னீசியம் ஆக்சைடு 400 மி.கி. மாத்திரை போட்டேன். பேதியாகிறது. ‘மெக்னீசியம் ஆயில்’ ஸ்ப்ரேயைக் காலில் அடித்தால் வயிற்றைத் தொடாமல் உடம்பில் சேருமாமே, மாறிவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஸ்ப்ரேக்கு மாறாதீர்கள், மாத்திரையை மாற்றுங்கள். ஆக்சைடில் மெக்னீசியம் நூற்றுக்கு 60 பங்கு இருந்தாலும் அது லேசில் கரையாது. உறிஞ்சப்படாமல் குடலில் தங்குவது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்வதால்தான் பேதி. மலச்சிக்கலுக்கு இதையே மருந்தாகக் கொடுப்பதும் அதனால்தான். மெக்னீசியம் சிட்ரேட் என்ற இன்னொரு வகை நன்றாகக் கரையும், ஆனால் அதுவும் கொஞ்சம் இளக்கும். உங்கள் வயிற்றுக்கு மெக்னீசியம் கிளைசினேட் என்ற வகைதான் தோது.

வாங்கும்போது டப்பாவின் முன்பக்கத்தை நம்ப வேண்டாம். ‘மெக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி.’ என்று கொட்டை எழுத்தில் இருந்தால், உள்ளே மெக்னீசியம் சுமார் 140 மி.கி.தான். பின்பக்கம் ‘எலிமென்டல் மெக்னீசியம்’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதே கணக்கு. அந்தக் கணக்கில் 100 மி.கி. அளவில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்குங்கள். ஒரு வாரம் வயிறு ஒத்துழைத்தால் காலையிலும் அதே அளவு. மாத்திரைகளுக்கு மட்டும் அமெரிக்காவில் வைத்திருக்கும் வரம்பு நாளுக்கு 350 மி.கி.; ஐரோப்பாவில் 250. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மிஞ்சுவதை வெளியேற்றுவது சிறுநீரகம்தான்.

ஸ்ப்ரேயில் எண்ணெய் கிடையாது. மெக்னீசியம் குளோரைடு என்ற உப்பின் அடர்ந்த கரைசல் அது. பிசுபிசுப்பால் வந்த பெயர். கரைசலில் மெக்னீசியம் அயனி (மின்னூட்டம் கொண்ட அணு) தண்ணீர் மூலக்கூறுகளைச் சுற்றிலும் ஒட்டவைத்துக்கொண்டு பருத்துவிடும். தோலின் மேலடுக்கோ கொழுப்பு பூசிய சுவர். மயிர்க்கால் வழியே சிறிது நுழைவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். குறைபாட்டை ஈடுகட்டும் அளவு போகிறது என்பதற்கு உருப்படியான சான்று இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயதானவர்களின் கால் இழுப்புக்கு மெக்னீசியம் பெரிதாக உதவாது என்பதே மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின் முடிவு. படுக்கும் முன் சுவரில் கை ஊன்றி, குதிகால் தரையில் பதிய, கெண்டைக்காலை நீட்டிப் பாருங்கள். பான்டோப்ரசோல் மாதிரி ‘கேஸ் மாத்திரை’யோ, சிறுநீர் பிரியும் மாத்திரையோ வருடக்கணக்கில் சாப்பிடுபவரானால் கதை வேறு. குறைபாடு நிஜமாகவே இருக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கேள்வி: ஸ்ப்ரே அடித்த இடம் எரிகிறது. உடம்பில் மெக்னீசியம் குறைவாக இருந்தால்தான் எரியும் என்கிறார்களே?
– வாசகர், சேலம்

பதில்: கடைக்காரர் பேச்சு. உப்புக் கரைசல் பட்டால் சிரைத்த தோலும் சிராய்ப்பும் எரியத்தான் செய்யும். சம அளவு தண்ணீர் கலந்து தடவி, 20 நிமிடத்தில் கழுவுங்கள். அப்படியும் தடித்தால் விட்டுவிடுங்கள். எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) போட்ட வாளியில் கால் வைத்தால் கிடைக்கும் சுகம் பெரும்பாலும் வெந்நீரின் உபயம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் முதலில் முழங்கையால் சூடு பாருங்கள், அல்லது வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: காலையில் தைராய்டு மாத்திரை. கூடவே மெக்னீசியமும் போடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கூடாது. இரண்டும் குடலில் பிணைந்துகொண்டால் தைராய்டு மருந்து வீணாகும். 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள், அல்லது மெக்னீசியத்தை இரவுக்குத் தள்ளுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளை எழுதிக் கொடுத்தால், அவற்றைப் போட்ட 2 மணி நேரம் கழித்தே மெக்னீசியம். மெக்னீசியத்தை முந்திப் போட்டுவிட்டால் 4 முதல் 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். சில நாள் கோர்ஸ்தானே, அதுவரை மெக்னீசியத்தை நிறுத்திவைப்பது சுலபம்.