இரண்டாவது டாம்கேட் தொடங்கியதும் நின்றுவிடுகிறதா? 8005-ஐப் பாருங்கள்

ஒரே கணினியில் இரண்டு டாம்கேட் (ஜாவா வெப் ஆப்களை ஓட்டும் சர்வர்) ஓட்ட, ஒன்றின் எச்டிடிபி போர்ட்டை 8080-இலிருந்து 8081 என்று மாற்றிய பிறகும் அந்த இரண்டாவது டாம்கேட் தொடங்கிய சில நொடியில் தானாக நின்றுவிடுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் ஷட்டவுன் போர்ட்தான், அதாவது நிறுத்தும் கட்டளைக்காக டாம்கேட் காத்திருக்கும் போர்ட். சர்வர்.எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பின் மேல்பகுதியிலேயே 8005 என்று இருக்கும், முதல் டாம்கேட் அதை ஏற்கெனவே பிடித்து வைத்திருப்பதால் இரண்டாவதற்கு அது கிடைக்காமல் அப்படியே மூடிக்கொள்கிறது. அதை 8006 ஆக்குங்கள். பழைய பதிப்பு என்றால் ஏஜேபி-யின் (முன்னால் இருக்கும் வெப் சர்வர் டாம்கேட்டுடன் பேசும் நெறிமுறை) 8009-உம் திறந்திருக்கும், தேவையில்லை என்றால் அந்த வரியையே கமெண்ட் செய்துவிடுங்கள். டீபக் (பிழை தேடும்) போர்ட், ஜேஎம்எக்ஸ் (கண்காணிப்பு) போர்ட் வைத்திருந்தால் அவையும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

முழு ஃபோல்டரையும் நகல் எடுக்காதீர்கள். கேட்டலினா ஹோம் (டாம்கேட் நிரல் இருக்கும் ஃபோல்டர்) ஒன்றே போதும், கேட்டலினா பேஸ் (அமைப்பு, லாக், ஆப்கள் இருக்கும் ஃபோல்டர்) மட்டும் இரண்டுக்கும் வேறு வேறாக வையுங்கள், பின்னாளில் பதிப்பை மாற்றும்போது ஒரே இடத்தில் வேலை முடியும்.

அப்புறம் ஒன்று, பலரும் கவனிக்காதது: குக்கிகள் போர்ட்டைப் பிரித்துப் பார்க்காது. இரண்டு ஆப்பும் ஒரே ஹோஸ்ட் பெயரில், ஒரே பாதையில் இருந்தால் ஜேசெஷன்ஐடி (லாகினை நினைவில் வைக்கும் செஷன் குக்கி) ஒன்றையொன்று அழித்து, ஒன்றில் லாகின் செய்தால் மற்றதிலிருந்து வெளியே தள்ளிவிடும். கான்டெக்ஸ்ட் (அந்த ஆப்புக்கான டாம்கேட்) அமைப்பில் செஷன் குக்கியின் பெயரை ஒன்றுக்காவது மாற்றிவிடுங்கள்.

இன்னும் நின்றால் கேட்டலினா லாக் கோப்பின் கடைசி வரிகளை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.