வண்ண ஃபிலிம் கழுவும்போது வெப்பநிலையில் எங்கே கண்டிப்பு, எங்கே தளர்வு?

கேள்வி: கறுப்பு-வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவிப் பழகிய நான், அண்மையில் வண்ண நெகட்டிவ் ஃபிலிமைக் கழுவினேன். டெவலப்பரை (படத்தைத் தோன்றச் செய்யும் கரைசலை) 38 டிகிரிக்குச் சூடாக்கித்தான் டேங்கில் ஊற்றினேன். ஆயினும் படங்களின் நிழற்பகுதியில் ஒரு நிறச் சாயலும் வெளிச்சப் பகுதியில் வேறொரு சாயலும் தெரிகின்றன. ஸ்கேன் செய்தபின் எவ்வளவு திருத்தியும் சரியாகவில்லை. எங்கே பிசகியது?

பதில்: ஊற்றும்போது இருந்த சூடு கடைசிவரை இருந்ததா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வண்ண நெகட்டிவ் ஃபிலிமைக் கழுவ கோடாக் நிறுவனம் 1972-இல் கொண்டுவந்த சி-41 முறையில், டெவலப்பருக்கு 37.8 டிகிரி செல்சியஸ், 3 நிமிடம் 15 விநாடி என்று வரையறுத்திருக்கிறார்கள், வெப்பநிலையில் 0.15 டிகிரிக்கு மேல் விலகல் கூடாது என்பது அவர்களுடைய கணக்கு. வீட்டில் அந்த அளவுக்குத் துல்லியம் கைகூடாவிட்டாலும், குளிர்ந்த டேங்கில் வெந்நீர்க் குளியல் இல்லாமல் டெவலப்பரை ஊற்றினால், அந்த மூன்றேகால் நிமிடத்திலேயே இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடக்கூடும்.

கறுப்பு-வெள்ளையில் இது பெரிய சேதமில்லை. காண்ட்ராஸ்ட் சற்றுக் குறையும், அவ்வளவுதான். வண்ண ஃபிலிமிலோ ஒன்றன்மேல் ஒன்றாக மூவகை அடுக்குகள் உள்ளன: மேலே நீல ஒளியை உணர்ந்து மஞ்சள் சாயத்தை உருவாக்கும் அடுக்கு, நடுவே பச்சை ஒளிக்கான மெஜந்தா, அடியில் சிவப்பு ஒளிக்கான சயான். டெவலப்பர் ஊறி அடிவரை இறங்கும் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. மூன்றும் ஒத்த சீரில் வளரும்படி ஃபிலிமை வடிவமைத்திருப்பது மேற்சொன்ன சூட்டுக்கும் நேரத்துக்கும் மட்டுமே. அது தவறினால் மூன்று சாயங்களின் காண்ட்ராஸ்டும் தனித்தனி வழியில் போய்விடுவதால், நிழலைத் திருத்தினால் வெளிச்சம் கெடும், வெளிச்சத்தைத் திருத்தினால் நிழல் கெடும். பழைய, கறுத்துப்போன டெவலப்பரும், அதில் கலந்துவிட்ட பிளிக்ஸும் (டெவலப்பருக்குப் பின் ஃபிலிமில் எஞ்சும் வெள்ளியை அகற்றும், பிளீச்சும் ஃபிக்ஸரும் சேர்ந்த கரைசல்) இதே போன்ற கோளாறைத் தரும். எனவே புனலையும் மூடியையும் ஒவ்வொரு முறையும் கழுவுங்கள்.

அடுத்த முறை, பெரிய தொட்டியில் 38 முதல் 39 டிகிரி வெந்நீர் நிரப்பி, இரசாயனப் புட்டிகளையும் டேங்கையும் கழுத்தளவு அதில் நிறுத்தி வையுங்கள். டெவலப்பருக்கு முன் 37.8 டிகிரி வெறும் தண்ணீரை ஒரு நிமிடம் டேங்கில் ஊற்றி வடித்தால் ரீலும் ஃபிலிமும் சூடேறிவிடும். தெர்மாமீட்டர் சரியா என்று பார்க்கத் தனிக்கருவி வேண்டாம்: காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இந்த வெப்பநிலையில்தான் மிகத் துல்லியமாக இருக்கும் என்பதால், இரண்டையும் ஒரே குவளை வெந்நீரில் வைத்து ஒப்பிட்டால் போதும்.

பிளிக்ஸைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. அதன் வேலை வெள்ளியை முழுமையாக அகற்றுவது மட்டுமே என்பதால், சில டிகிரி குறைந்தாலும் நேரத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம். ஓரிரு நிமிடம் அதிகமானால் கெடுதல் இல்லை, குறைந்தால்தான் வெள்ளி தங்கி நிறங்கள் மங்கி அழுக்கேறியதுபோல் தெரியும். பிளிக்ஸ் உள்ளே வாயுவை வெளியிடும். குலுக்கிய பின் மூடியைச் சற்றுத் திறந்து விடாவிட்டால் அது பீறிட்டுக் கையில் வழியும். கையுறை அவசியம், டெவலப்பரிலுள்ள சி.டி-4 என்னும் வேதிப்பொருள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும்.

இப்போது கையிலிருக்கும் சுருளின் ஓரத்திலுள்ள எண்களைப் பாருங்கள். அவை தொழிற்சாலையிலேயே பதிந்தவை. கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. எண்கள் வெளிறியிருந்தால் குறை டெவலப்பரில்தான். அதை இனிச் சரிசெய்ய முடியாது. எண்கள் அழுத்தமாகவும் நெகட்டிவ் முழுதும் கலங்கலாகவும் இருந்தால், விளக்கு வெளிச்சத்திலேயே புதிய பிளிக்ஸில் மறுபடி ஊறவைத்துக் கழுவுங்கள். பெரும்பாலும் அதில் தேறிவிடும்.